மூன்றாவது நிரல்: வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் அதிபர்களுக்கும் ஒரு தகப்பனின் திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களே, அதிபர்களே,

வணக்கம். வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே, சந்தியோரமாகக் கராஜ் வைத்திருப்பவன் நான். லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம், வோட்டர் பம், மோட்டார் சைக்கிள் என்று கொண்டுவருவதெல்லாம் திருத்துவேன். பெரும்போகம் தொடங்கிவிட்டால் தலை நிமிர நேரம் இருக்காது. அப்படி ஒரு பின்நேரம், லான்ட்மாஸ்டர் ஒன்றின் கியர்ப்பெட்டியைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நாளைக்குக் குடுக்க வேணும் அப்பா. கையெழுத்து வையுங்கோ."

கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். தரம் 10க்கான தொகுதிப் பாடத் தெரிவுப் படிவம். சரிந்து விழுந்த போட்டோப் பிரதி. மூன்று நிரல்கள். முதல் நிரலில் புவியியல், குடியுரிமைக் கல்வி. இரண்டாவதில் நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம். மூன்றாவதில் சுகாதாரமும் உடற்கல்வியும், விவசாயம், மனைப்பொருளியல். விவசாயத்துக்குப் பக்கத்தில் பேனையால் 'ஆண்' என்றும், மனைப்பொருளியலுக்குப் பக்கத்தில் 'பெண்' என்றும் எழுதியிருந்தது. ஒவ்வொரு நிரலிலும் பென்சிலால் ஏற்கெனவே ஒரு சரி போட்டிருந்தது.

"இதை ஆர் போட்டது?"

"ரீச்சர். போன தவணை மாக்ஸைப் பாத்துப் போட்டவ."

"அப்ப உனக்கு என்ன தெரிவு?"

அவள் சிரித்தாள். "தெரிவு எண்டு தலைப்பு இருக்கு அப்பா. தெரியிறதுக்குத்தான் ஒண்டும் இல்லை."

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வசனம்தான். எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டேன். சொன்னால் அந்த அதிபரிடம் மட்டும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும், அத்தோடு கதை முடிந்துவிடும். பக்கத்து ஊர்த் தகப்பன்மார் என் கராஜுக்கு வரும்போது விசாரித்துப் பார்த்தேன். நிரலில் உள்ள பெயர்கள் மாறுகின்றன, பென்சில் மாறவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் இதை வாசிக்கப்போகும் தாய் தகப்பன்மாருக்காகச் சொல்லிவிடுகிறேன். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிச்சம் மூன்றைத்தான் தொகுதிக்கு ஒன்றாகப் பிள்ளை தெரிவுசெய்ய வேண்டும். முதலாம் தொகுதியில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியுரிமைக் கல்வி, முயற்சியாண்மைக் கல்வி, இரண்டாம் மொழியாகச் சிங்களம் எல்லாம் வரும். இரண்டாம் தொகுதியில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், இலக்கிய நயம். மூன்றாம் தொகுதிதான் பெரியது. ஐ.சி.ரி. என்ற கணினிப் பாடம், விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும், மனைப்பொருளியல், சுகாதாரம், ஊடகக் கற்கை, நீருயிரின வளத் தொழினுட்பவியல், அப்புறம் வடிவமைப்போடு சேர்ந்த நிர்மாணம், பொறிமுறை, மின்–இலத்திரனியல் என்று மூன்று தொழினுட்பப் பாடங்கள்.

ஒன்பது வருடம் பாடசாலைக்குப் போன பிள்ளையிடம், 'உனக்கு என்ன படிக்க விருப்பம்' என்று அரசாங்கம் முக்கியமாகக் கேட்கும் இடம் இது. வன்னியில் அந்தக் கேள்விக்குப் பதிலையும் பாடசாலையே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

என் மகளுக்குப் பொறிமுறைதான் விருப்பம். பெயர்: வடிவமைப்பும் பொறிமுறைத் தொழினுட்பவியலும். அந்தப் பாடப்புத்தகத்தை ஆரோ ஒரு வாடிக்கையாளரின் பிள்ளை என் கராஜில் விட்டுப்போக, அதை மூன்று நாள் வைத்து வாசித்தவள் அவள். ஆறு வயதிலிருந்து பின்நேரங்களில் என்னோடு நிற்கிறாள். பம் தண்ணீர் இழுக்கவில்லை என்று ஆராவது கொண்டுவந்தால், நான் எஞ்சினைத் தொடமுதல் அவள் கேட்பது "குழாயின்ர அடி வால்வைப் பாத்தனீங்களோ?" என்றுதான். பத்துக்கு ஏழு தரம் அதுதான் காரணமாக இருக்கும். அடியில் இருக்கும் வால்வு இறுக்கமாக மூடாவிட்டால் குழாய்க்குள் நின்ற தண்ணீர் இறங்கிவிடும், பம் வெறும் காற்றைத்தான் சுற்றும். அவள் சத்தத்தை வைத்தே பிளக் பிழையா, காபரேட்டர் பிழையா என்று சொல்வாள். ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் புகழ்வதை நீங்கள் பாதியாகக் கழித்துப் பார்க்கலாம். கழித்தாலும் மிஞ்சுவது குறைவில்லை.

அந்தப் பிள்ளைக்கு மனைப்பொருளியல். மனைப்பொருளியல் குறைந்த பாடமென்று நான் சொல்லவில்லை. போசாக்கும் வீட்டு வரவுசெலவும் பையன்களுக்கும் தெரியவேண்டியவை. நுண்கடன் கம்பனிகளிடம் மாட்டுப்பட்ட எங்கள் ஊரில் முதலில் ஆண்களுக்குத்தான் அதைப் படிப்பிக்க வேண்டும். நான் கேட்பது வேறு. அந்த 'ஆண்', 'பெண்' என்ற எழுத்தை எந்தச் சுற்றறிக்கை எழுதச் சொன்னது?

அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். அதிபர் மரியாதையாக இருத்தித் தேத்தண்ணி தந்தார். ஒளிக்காமல் பேசினார், அதற்கு நன்றி. அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். தொழினுட்பப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. கேட்டும் வரவில்லை. வந்தாலும் கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்ததும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெறுபேற்றை வலயம் பார்க்கிறது, மாகாணம் பார்க்கிறது. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகள் விழுவதால் தொகுதிப் பாடங்களில்தான் புள்ளி எடுக்கவேண்டியிருக்கிறது. ஆகவே 'ரிசல்ட் வரும்' பாடங்களைத்தான் வைக்கிறோம்.

அவரை நான் குறை சொல்லவில்லை. தரம் 12, 13 என்ற உயர்தரத்துக்குப் போக ஆறு பாடச் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும், மூன்றிலாவது 'சி', அதாவது திறமைச் சித்தி, எடுக்கவேண்டும் என்பது பொது விதி. அந்த மூன்று 'சி'யையும் தொகுதிப் பாடத்தில் எடுத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிடும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. கணிதத்தில் விழுகிற பிள்ளையைச் சுகாதாரப் பாடத்தின் 'ஏ' தூக்கி நிறுத்தாது. சதவீத அட்டவணையில் பாடசாலையின் பெயர் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். இன்னொன்று: கையால் செய்து பழகும் பாடத்தில்தான் சில பிள்ளைகளுக்குக் கணிதமே புரியத் தொடங்குகிறது. என்னிடம் வேலை பழக வந்த ஒரு பெடியனுக்கு விகிதம் என்றால் என்னவென்று பதினொரு வருடப் படிப்பு சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு பற்சக்கரங்களின் பல்லை எண்ணி, இது ஒரு தரம் சுற்ற அது எத்தனை தரம் சுற்றும் என்று பார்த்த அன்றைக்கு விளங்கிவிட்டது. அவன் சாதாரண தரத்தில் கணிதம் 'டபிள்யூ', அதாவது சித்தியில்லை.

ஆசிரியர் இல்லை என்பதும் உண்மைதான். விடிய நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, ஏ9 வீதியால் வந்து சந்தியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ காத்துநிற்கும் ரீச்சர்மாரை நான் தினமும் பார்க்கிறேன். மோட்டார் சைக்கிளில் வருகிற ரீச்சர்மார் சில்லில் காற்றுப் போனால் என்னிடம்தான் வருவார்கள். ஐந்து, ஆறு வருடம் அப்படி ஓடிய ஒருவர் இடமாற்றம் கேட்டால் நான் எப்படிப் பிழை சொல்வேன்? ஆனால் அவர் போகிறபோது அவரோடு அந்தப் பாடமும் ஏன் போகவேண்டும்? அதுதான் என் கேள்வி.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தரம் 10இல் ஐ.சி.ரி. எடுத்தான். ஒரு வருடம் ஒழுங்காகப் போனது. பதினொன்றில் முதலாம் தவணையில் ரீச்சருக்கு மாற்றம். கணினி அறையைப் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் தொங்கவிட்டார்கள். ஒரு தவணை முழுக்க அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் மைதானத்தில் கல் பொறுக்கினார்கள். பிறகு எல்லாரையும் சுகாதாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குரிய பாடத்தை ஆறு ஏழு மாதத்தில் படித்துச் சோதனை எழுதினான். 'எஸ்' வந்தது, வெறும் சாதாரண சித்தி. அதற்குப் பிறகு அவனிடம் 'கொம்பியூட்டர் தெரியுமா' என்று கேட்டால் தலையைக் குனிகிறான். அவன் கெட்டிக்காரன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தொகுதிப் பாடத்துக்கு ரியூசனும் இல்லை என்பதை நீங்கள் யோசித்திருக்கிறீர்களோ தெரியாது. எங்கள் சந்தியிலுள்ள தனியார் கல்வி நிலையங்களின் பதாகைகளைப் பாருங்கள்: கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு. அந்தப் பாடங்களில் பாடசாலை கைவிட்டால் காசுள்ள பிள்ளை அங்கே ஓடும், மிச்சப் பிள்ளை கடந்தகால வினாத்தாளை வாங்கி மனனம் செய்யும். பொறிமுறைக்கோ சங்கீதத்துக்கோ ஓட வேறு வாசல் இல்லை. பாடசாலை ஒன்றுதான். ஆகவே அங்கே ஆசிரியர் வெற்றிடம் விழுந்தால் அந்தப் பாடமே அந்த ஊரில் இல்லாமல் போய்விடுகிறது.

சரி, இதெல்லாம் சாதாரண தரத்துக்குத்தானே, உயர்தரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். உயர்தரத்தில் கதவு இன்னும் ஒடுக்கம். கணிதம், விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவையும் ஊரை விட்டுத் தூரம். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். தரம் 11உடன் முடிந்துவிடும் இரண்டாம் வகைப் பாடசாலைகள்தான் குளத்தடி ஊர்களில் பெரும்பாலும். பெறுபேறு வந்த கையோடு பிள்ளை எங்கே போவது என்று தீர்மானிப்பது விருப்பமில்லை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான். பெண்பிள்ளை என்றால் அந்தப் பஸ் இன்னும் வெள்ளனப் போய்விடும். யானை நிற்கும் ரோட்டில் ஆறு மணிக்குப் பிறகு பிள்ளையைச் சைக்கிளில் விடுவதற்கு எந்தத் தாய்க்கு மனம் வரும்?

2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோடு தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஐ.சி.ரி., விவசாயம், புவியியல் போன்ற ஒன்று. வன்னிக்கென்றே தைத்த சட்டை மாதிரி ஒரு பிரிவு. ஆயிரம் பாடசாலைத் திட்டத்தில் தொழினுட்ப ஆய்வுகூடங்களும் எழும்பின. ஆனால் தரம் 10இல் ஒரு திருகாணியைக்கூடப் பிடித்துப் பார்க்காத பிள்ளை, தரம் 12இல் அந்தப் பிரிவைத் தெரிவுசெய்யும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தெரிந்த வழியில் கலைப்பிரிவுக்குப் போய்விடும். கலைப்பிரிவில் படித்து நல்லாய் வந்தவர்கள் எத்தனையோ பேர். விருப்பத்தோடு போகிறவர் போகட்டும். வேறு வழி தெரியாமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிளிநொச்சிக்குத் தெற்கே ஏ9 வீதியோரம் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. அதே அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. எல்லோரும் 'ஜேர்மன் ரெக்' என்பார்கள். வவுனியாவில் பம்பைமடுவில் வளாகமாக இருந்தது 2021இல் தனிப் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. இரவில் பஸ்ஸில் வரும்போது அறிவியல் நகர் வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு புறம் பெருமையாக இருக்கும். மறுபுறம், அந்த மதிலுக்கு அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஊர்ப் பிள்ளைக்குத் தரம் 10இல் பொறிமுறை என்று ஒரு பாடம் இருப்பதே தெரியாது என்பது ஞாபகம் வரும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெளியூர் ஆட்கள் இதைச் சொல்லி 'உங்களுக்கென்ன, வெட்டுப்புள்ளி குறைவுதானே' என்பார்கள். இடம் இருப்பது உண்மை. அந்த இடத்துக்குப் போகும் பாதையில் முதல் பாலம் தரம் 10இல் இருக்கிறது. அந்தப் பாலத்தில் பலகை இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினாறு வயது. மரத்தடியில் படித்துத்தான் சாதாரண தரம் எழுதினேன். அப்போது ஆரும் எங்களிடம் விருப்பம் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ரீச்சர் உயிரோடு வந்து படிப்பித்தாலே போதும் என்றிருந்த காலம். பொருளாதாரத் தடை இருந்தபடியால் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் பிளக் பக்கம் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விடுவோம். சைக்கிள் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். நான் எஞ்சினைப் படித்தது அங்கேதான். ஆகவே பாடசாலை இல்லாவிட்டாலும் பிள்ளை பழகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். பழகும்தான். ஆனால் எனக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. ஓர் எஞ்சினின் நீர்க் குளிரூட்டலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரு பட்டதாரிப் பொறியியலாளருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். அவருடைய திணைக்களத்தில் எனக்கு உதவியாளர் வேலையும் கிடைக்காது. என் மகள் என்னைப் போல ஆகக்கூடாது என்றால், அவள் கையில் இருப்பது தாளிலும் இருக்கவேண்டும்.

இந்த நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1972 சீர்திருத்தத்தில் ஊர்த் தொழில்களையே பாடசாலைப் பாடமாக வைத்தார்கள், தொழில் முன்னிலைப் பாடம் என்று. என் மாமா ஒருவர் அப்போது மரவேலை படித்தார். 77இல் அரசாங்கம் மாற அதுவும் போய்விட்டது. மாமா செய்த அலுமாரி இன்னும் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறது. மூன்று தரம் இடம்பெயர்ந்து வந்த அலுமாரி.

நீருயிரின வளத் தொழினுட்பவியல் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதைப் படிக்கும் பிள்ளை ஒருவரை எங்கள் பக்கத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. நந்திக்கடலும் நாயாறும் யாருடைய முற்றத்தில் இருக்கின்றன? முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு, கட்டுக்கரை என்று குளங்களின் பெயரைச் சொல்லியே நாங்கள் எங்கள் ஊருக்கு வழி சொல்கிறோம். நன்னீர் மீனை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் எத்தனை! முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு பாடசாலையிலாவது அந்தப் பாடத்தை வைக்கலாம் என்று எந்தக் கூட்டத்திலும் ஆரும் கேட்டதில்லையா?

சிங்களத்தைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் அந்த மொழியோடு சேர்ந்து வரும் ஞாபகங்கள் நல்லவை இல்லை. ஆனால் 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதை முப்பது வயதில், வேலைக்குப் போன பிறகு, சம்பள உயர்வுக்காக ஓடி ஓடிப் படிக்கிறார்கள். பதினான்கு வயதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு அது பாடமாக இருந்தால் என்ன? விருப்பமில்லாத பிள்ளை புவியியல் படிக்கட்டும்.

தாய் தகப்பன்மாரில் பிழை இல்லையா என்றால், இருக்கிறது. பாதிப்பேர் தாளைப் பார்க்காமலே கையெழுத்து வைக்கிறோம். மற்றப் பாதிப்பேர் டொக்டர், எஞ்சினியர் என்று கனவு கண்டுகொண்டு 'சித்திரம் படிச்சு என்ன செய்யப்போறாய்' என்று பிள்ளையின் வாயை அடைக்கிறோம். போன வருடம் ஒரு தாய் என் கராஜில் நின்று, மகன் சங்கீதம் கேட்டு அழுகிறான் என்று சிரித்தா. நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் உங்களிடம் பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. இந்தப் படிவத்தை மூன்றாம் தவணைக் கடைசிக் கிழமையில், நாளைக்குத் தரவேண்டும் என்று அனுப்பாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு முதலாம் தவணையிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, எந்தப் பாடம் என்ன, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு மணித்தியாலம் பேசுங்கள். பெறுபேறு வராவிட்டால் 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழில்சார் பிரிவு இருக்கிறது, சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளையும் அதில் சேரலாம் என்பதையும் சொல்லுங்கள். அதை இன்றைக்கும் 'பெயிலான பிள்ளைகளின் வகுப்பு' என்றுதான் ஊரில் சொல்கிறார்கள், சில ரீச்சர்மார் உட்பட. படிவத்தில் எல்லாப் பாடத்தையும் அச்சடியுங்கள். உங்கள் பாடசாலையில் இல்லாததற்கு எதிரே 'ஆசிரியர் இல்லை' என்று எழுதுங்கள். எழுதினால்தான் எங்களுக்கு எது இல்லையென்று தெரியும், எத்தனை பிள்ளை கேட்டது என்று வலயத்துக்கும் ஒரு கணக்கு வரும். இல்லாத பாடத்தைத் தாளிலிருந்தே எடுத்துவிட்டால் கேட்பாரில்லை என்று ஆகிவிடுகிறது. கேட்பாரில்லை என்ற காரணத்தால் ஆசிரியரும் வருவதில்லை.

வலயப் பணிப்பாளர்களிடம் தனியாக ஒன்று. ஒரு பாடசாலையில் ஆறு பிள்ளை, அடுத்ததில் நாலு, அதற்கடுத்ததில் ஐந்து என்று பொறிமுறை கேட்டால், தனித்தனியாகப் பார்த்து ஆசிரியர் தரமுடியாது என்பது சரி. மூன்றையும் சேர்த்தால் பதினைந்து பிள்ளை. கிழமையில் ஒரு பின்நேரமும் சனிக்கிழமையும், ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில் அந்தப் பதினைந்தையும் இருத்த முடியாதா? சோதனைக்கு விண்ணப்பிக்கும்போது பாடசாலைகள் வேறாக இருக்கலாம், வகுப்பு ஒன்றாக இருக்கக்கூடாதென்று இல்லையே. பஸ் பிரச்சினை வரும். என் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னால் வருவேன், பொலிஸ்தான் மறிக்கும். அதை விடுங்கள், பெற்றோர் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசுவது அவ்வளவு கஷ்டமில்லை. அப்புறம் தரம் 10இல் ஒரு பாடத்தைத் தொடங்கினால் அந்தப் பிள்ளைகள் சோதனை எழுதும்வரை அந்த ஆசிரியரை மாற்றமாட்டோம், மாற்றினால் பதிலாள் வந்தபிறகுதான் விடுவிப்போம் என்று எழுத்தில் தாருங்கள்.

கல்விச் சீர்திருத்தம் வருகிறது, அப்போது எல்லாம் சரியாகும் என்று அதிபர் சொன்னார். அது வரும்போது வரட்டும். என் மகள் தை மாதம் பத்தாம் வகுப்பில் இருப்பாள். 2011இல் மீள்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் நாங்கள் இருந்தபோது பிறந்தவள். அவள் போரைக் காணவில்லை. அதனால் எங்களைப் போல 'இருக்கிறதே போதும்' என்ற பேச்சும் அவளுக்கு விளங்குவதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆசிரியர் வரும்வரை வெள்ளிக்கிழமை பின்நேரம் என் கராஜை அரைநாள் பூட்டிவிட்டு வரத் தயாராக இருக்கிறேன். ஓடாத பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று என்னிடம் கிடக்கிறது. அதைப் பாடசாலைக்குத் தருகிறேன். பிள்ளைகள் கழற்றட்டும், பூட்டட்டும், பூட்டத் தெரியாமல் நாலு நட் மிஞ்சட்டும். நான் ஆசிரியர் இல்லை, பாடத்திட்டமும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு ரீச்சர் புத்தகத்தோடு நின்றால் போதும். சந்தியில் மேசன் இருக்கிறார், வயரிங் செய்யும் தம்பி இருக்கிறார், இறால் பண்ணையில் வேலை செய்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறா. கேட்டுப் பாருங்கள், வருவார்கள்.

படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை. முதலாவது நிரலில் புவியியலுக்கும் இரண்டாவதில் நாடகத்துக்கும் அவளே பேனையால் சரி போட்டுவிட்டாள். மூன்றாவது நிரலில் இருந்த பென்சில் சரியை நான் அழிறப்பரால் அழித்து, அடியில் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: வடிவமைப்பும் பொறிமுறைத் தொழினுட்பவியலும், ஒரு பிள்ளை. கையெழுத்தும் வைத்துவிட்டேன். தாளில் கொஞ்சம் கிரீஸ் பட்டிருக்கிறது, மன்னிக்கவும். திங்கட்கிழமை அவள் கொண்டுவருவாள்.

இப்படிக்கு,
குளத்தடிச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு தகப்பன்